மிஸ் செய்வதைச் செய்

பி.டி. மிஸ்ஸின் கழுத்தில் விசில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புது விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நின்று ஓர் ஊது ஊதினார். பிள்ளைகள் அத்தனை பேரும் அவரை நோக்கி ஓடி வந்தார்கள். அடடா, என்ன ஒழுங்கு என்று அவர் பூரித்துப்போவதற்குள், வந்தது வரிசையில் நிற்க அல்ல, விசிலை வாங்க என்று தெரிந்துவிட்டது. கொடுக்காததால் பாதிப் பேர் அழுதார்கள். போனால் போகிறது என்று ஒருத்தியிடம் கொடுத்ததும் மீதிப் பேர் அழுதார்கள். வாங்கியவள், திருப்பித் தரச் சொன்னபோது அழுதாள். முதல் நாள் உடற்பயிற்சி வகுப்பு அந்த அளவில் நிறைவுற்றது.

நாலு வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தருவதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களை ஒரே ஒரு நாள் அந்த மைதானத்தில் விட்டுவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும். ஓடு என்றால் ஓடுவார்கள். நிற்பது என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வட்டமாக நில்லுங்கள் என்றால் ஒவ்வொருத்தரும் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றுவார்கள். பந்தைப் பிடி என்றால் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மிஸ் கல்லூரிக் காலத்தில் உயரம் தாண்டுதலில் கோப்பை வாங்கியவர். வளர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் படித்தார். அங்கே இடம் காலியில்லை, இங்கே இருந்தது. இப்போதைக்குத் தற்காலிகம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இப்போதைக்கு முடிந்தபாடில்லை.

முதல் மாதக் கடைசியில்தான் அவருக்குக் கண் திறந்தது. தொண்டை வற்றக் கத்தி ஓய்ந்துபோய், அவிழ்ந்திருந்த தன் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். சத்தமே இல்லை. என்ன விபரீதமோ என்று திரும்பிப் பார்த்தால், மொத்த வகுப்பும் குனிந்து ஷூவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நாடாவே இல்லாத ஷூ போட்டவர்கள்கூடக் காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வயதில் காது ஒப்புக்குத்தான் இருக்கிறது, வியாபாரம் முழுக்கக் கண் வழியாகத்தான் நடக்கிறது என்று அன்றைக்கு மிஸ் தெரிந்துகொண்டார். விசில் மேசை இழுப்பறைக்குள் போனது.

அதற்குப் பிறகு அவருடைய வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான்: மிஸ் செய்வதைச் செய். அதை அவர் வாயால் சொன்னதுகூட இல்லை. முந்தின நாள் மாலை சாப்பாட்டு மேசையில் மருந்து பாட்டில் மூடிகளைப் பரப்பிவைத்து அடுத்த நாள் வகுப்பைத் திட்டம் போடுவார். மூடி ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. இங்கே ஆறு, இவை அதிலிருக்கும் கற்கள், இந்தப் பக்கம் முதலை. முதலில் எல்லாரையும் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், தண்ணீர் பிறகுதான். இது மாறினால் ஆறு நிஜமாகவே வந்துவிடும். ஒரு விளையாட்டு ஐஸ்கிரீம் உருகுகிற நேரத்துக்கு மேல் தாங்காது, அதனால் கையில் எப்போதும் மாற்று விளையாட்டு இரண்டு வேண்டும். கடிக்கிறவனையும் கடிபடுகிறவனையும் வேறு வேறு கரையில் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், மைதானத்தில் இருக்கும்வரை மிஸ் கொட்டாவி விடக்கூடாது, தலை சொறியக்கூடாது, உட்காரவே கூடாது. ஒருமுறை கொசு கடித்துத் தன் கன்னத்தில் தானே ஓர் அறை விட்டுக்கொண்டார். அன்று மாலை பெற்றோருக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

பள்ளியின் பிரின்சிபால் கெட்டவர் இல்லை. யாரையும் திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். எதைக் கேட்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நுனிக்காலில் ஒரு முறை எழும்பி, குதிகாலில் இறங்கி, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் மிஸ் அவர் அறைக்குப் போய், "சார், என் வேலையை இந்த வருஷமாவது நிரந்தரம் பண்ணிடுவீங்களா?" என்று கேட்பார். அவர் எழும்புவார், இறங்குவார், பார்க்கலாம் என்பார். மிஸ் சிரித்தபடி வெளியே வருவார். வராந்தா தாண்டும்வரைதான் அந்தச் சிரிப்பு தாங்கும்.

இந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். ஏதோ ஒரு ஃபிட்னஸ் கம்பெனியில் இருந்து, ஸ்பீக்கரும் பாட்டுமாக ஓர் இளைஞனை அடுத்த வருஷத்துக்கு அனுப்பிவைக்கிறோம் என்று பிரின்சிபாலிடம் பேசியிருக்கிறார்கள். "சின்னப் பையன்னா துறுதுறுன்னு இருப்பான்ல" என்று அவர் ஆபீசில் சொன்னது, சுற்றி வளைத்து மிஸ்ஸின் காதுக்கு வந்து சேர்ந்தது. முடிவு இந்தப் பருவம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஊரிலிருந்து நாத்தனார் வந்து இறங்கினாள். நாத்தனார் நல்லவள்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது குடியிருப்பின் வாசலில் மழைத்தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. மிஸ் சுற்றிக்கொண்டு போகத்தான் இருந்தார், சத்தியமாக.

"பார்த்து அண்ணி, மெதுவா வாங்க. நமக்கெல்லாம் வயசாயிடுச்சு" என்றாள் நாத்தனார்.

அந்த 'நமக்கெல்லாம்' தான் தாங்கவில்லை. மிஸ் பையை அவள் கையில் திணித்தார், நாலடி பின்னால் போனார், கோப்பை வாங்கிய அதே கால்களால் ஓடிவந்து தாண்டினார். அக்கரையில் ஜம்மென்று இறங்கினார். இடது முட்டி மட்டும் அவருடன் சேர்ந்து இறங்கவில்லை. உள்ளே என்னவோ நறுக்கென்றது. முகத்தில் சிரிப்பைக் கழற்றாமல் மாடிப்படி ஏறி, குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டுதான் அழுதார். மாலைக்குள் முட்டி பன் மாதிரி உப்பிவிட்டது.

"கொஞ்ச நாளைக்கு ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. உட்கார்ந்துக்கிட்டே செய்யற வேலையா பாருங்க" என்றார் டாக்டர். உட்காருவதா? தான் உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர்காரன் வந்து நின்றுவிடுவான் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். பள்ளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நத்தை, ஆமை, தூங்கி எழுந்த கரடி என்று மெதுவாக நகருகிற ஜந்துக்களாகப் பொறுக்கியெடுத்து வகுப்பைத் திட்டம் போட்டார். ஆனால் கரடிக்கும் நடக்க வேண்டுமே. வலது கால் முன்னே போகும். இடது கால் யோசித்து யோசித்துப் பின்னால் வரும். கை தானாகத் தொடையைப் பிடித்துக்கொள்ளும். உதட்டிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கிளம்பும். மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். வகுப்பு முழுவதும் வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, தொடையைப் பிடித்து, ஸ்ஸ் என்று வந்துகொண்டிருந்தது. ஒருவர்கூடத் தப்பாகச் செய்யவில்லை. வருஷம் முழுக்கக் கற்றுக்கொடுத்ததில் இத்தனை சுத்தமாக அவர்கள் எதையுமே செய்ததில்லை. மைதானத்தோடு போய்விடும் என்று மிஸ் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

போகவில்லை. ஒரு வீட்டில் பையன் பென்ஷன் வாங்கப் போகிற தாத்தா மாதிரி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி இறங்கினான். இன்னொரு வீட்டில் மகள் சோபாவில் உட்காரும்போதெல்லாம் "அப்பாடா" என்றாள். அம்மாக்கள் பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பேருக்கு எக்ஸ்ரேகூட எடுத்தாகிவிட்டது. எலும்பு தங்கம் மாதிரி இருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துப்பறிந்து, ஒரே நாளில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் நொண்டுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பருவம் புது ஷூ போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன சந்தேகம்?

ஷூவைக் கொடுத்தவர் எதிர்த் தெருவில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஷூ கடைக்காரர். வராந்தாவில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் மடியில் வைத்து அளவெடுத்த மனிதர். கூச்சத்தில் பிள்ளைகள் அவர் மூக்கிலேயே உதைத்தார்கள், அதற்கும் சிரித்தார். நாள் முழுக்க நிற்கிறீர்களே என்று மிஸ்ஸின் ஷூவுக்குள் மெத்தென்ற அட்டை ஒன்றைச் சும்மாவே வைத்துக்கொடுத்தவர். பள்ளி ஆர்டர் போனால் அவர் கடைக்கு ஷட்டரை இறக்க வேண்டியதுதான். பிரின்சிபால் ஆர்டரை ரத்து செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார். விஷயம் தன் மேல் வராமல் இருந்தால் போதும் என்பது அவர் கவலை.

மாலையில் ஷூ கடைக்காரர் பள்ளி வாசலில் மிஸ்ஸுக்காகக் காத்து நின்றார். "நீங்கதான் தினமும் பிள்ளைங்க கூடவே இருக்கீங்க. ஷூ எந்த இடத்துல கடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க மிஸ். அத்தனையும் மாத்திக் குடுத்துடறேன்."

 உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதரின் கடை போகும். மிஸ் வாயைத் திறந்தார். "பார்க்கலாம்ங்க" என்று வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் அவர் வாயில் கசந்தது. இத்தனை வருஷம் யார் வாயிலிருந்து அதைக் கேட்டு நொந்தாரோ அவர் மாதிரியே சொல்லியிருக்கிறார். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மனசு முழுசாகத் துணியவில்லை. பிள்ளைகளுக்குத் தொற்றியதைத் தானே துடைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடுமே என்று குறுக்குவழி ஒன்று தோன்றியது. கூடத்தில் சுவருக்குச் சுவர் நேராக நடந்து பழகினார். ஒவ்வோர் அடிக்கும் உயிர் போய் வந்தது.

சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நடை நல்லா இருக்கு அண்ணி. மூஞ்சிதான் கஷாயம் குடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். மறுநாள் மைதானத்தில் மிஸ் ராணுவம் மாதிரி நேராக நடந்தார். பிள்ளைகளும் நேராக நடந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. வீட்டிலும் அப்படியே நடந்தார்கள். பாவம் பிள்ளைகள், வலியை அடக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் குழு கொதித்தது. ஷூ கடைக்காரரைப் போலீசில் பிடித்துக் கொடுக்கலாமா என்றுகூட ஓர் அம்மா கேட்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் பிரின்சிபால் எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொன்னார். அம்மாக்கள் ஒரு பக்கம், கையில் ஒரு ஷூ பெட்டியோடு கடைக்காரர் ஒரு பக்கம், நடுவில் பிள்ளைகள். "ஷூவைக் கழட்டிட்டு நடக்கட்டும். சரியா நடந்தா ஷூவுலதான் கோளாறு" என்றார் பிரின்சிபால். "மிஸ், நீங்க முன்னாடி நடங்க."

மிஸ் கடைக்காரரைப் பார்த்தார். அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பிள்ளைகளின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் ஷூவைக் கழற்றினார். நேராக நடப்பதற்கு இழுத்துப் பிடித்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, முட்டி எப்படி ஆசைப்பட்டதோ அப்படி நடந்தார். பின்னால் வெறுங்கால் படை மொத்தமும் இழுத்து இழுத்து, ஸ்ஸ், ஸ்ஸ் என்று வந்தது.

"ஷூ இல்லாமலும் நொண்டுதுங்களே" என்றார் பிரின்சிபால்.

"அப்ப ஏதோ தொத்து வியாதி" என்றார் ஓர் அம்மா, நடுங்கும் குரலில்.

மிஸ் மேடைப் படியில் போய் உட்கார்ந்தார். மைதானத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் அத்தனை பேரும் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்கள். மிஸ் இடது முட்டியில் கையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முட்டி வலி எனக்குத்தான்."

"முட்டி வலி எனக்குத்தான்" என்றது வகுப்பு, இடது முட்டியில் கையை வைத்துக்கொண்டு.

 முதலில் சிரித்தவர் ஷூ கடைக்காரர். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அம்மாக்கள் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். எக்ஸ்ரே எடுத்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிஸ் அவர்களிடம் போய்த் தனியாக மன்னிப்புக் கேட்டார். கடைக்காரரிடமும் கேட்டார். "விடுங்க மிஸ், என் ஷூ கடிக்கலைல்ல, அது போதும்" என்றார் அவர்.

பிரின்சிபாலும் சிரிக்கவில்லை. "முட்டியை இப்படி வெச்சிக்கிட்டு இனிமே எப்படி கிளாஸ் எடுப்பீங்க?" என்றார்.

"உட்கார்ந்து எடுப்பேன் சார்."

"நீங்க உட்கார்ந்தா இதுங்களும் உட்கார்ந்துக்குமே."

"ஆமா சார். அதனால முன்னாடி நின்னு செய்யறதுக்கு ஒருத்தர் வேணும். முன்னப்பின்ன தெரியாத ஆளைக் கூட்டிட்டு வந்தா பிள்ளைங்க அழும்." மிஸ் ஒரு நிமிஷம் யோசிப்பது மாதிரி நடித்தார். "இதுங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

அம்மாக்களுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. பிரின்சிபால் கையைப் பின்னால் கட்டினார், எழும்பினார், இறங்கினார், பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். அதற்குள் கடைக்காரர் குனிந்து, "சாருக்கு எத்தனாம் நம்பர்?" என்று அவர் பாதத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு வந்த வாரங்களை மிஸ் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரங்களில் சேர்த்துவைத்திருக்கிறார். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவர் சொல்ல, டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு பிரின்சிபால் செய்வார். "சார், தவளை இன்னும் கொஞ்சம் குனிஞ்சு குதிக்கும்." "சார், கங்காரு மூச்சு வாங்காது." பிரின்சிபால் வேர்த்து விறுவிறுத்துப்போய் ஒரு நாள், "இதையா தினமும் செய்யறீங்க?" என்று கேட்டார். குத்தலாக அல்ல, நிஜமாகவே கேட்டார். நொண்டல் பிள்ளைகளிடமிருந்து தானாகவே உதிர்ந்து போயிற்று.

ஆனால் பிள்ளைகளின் கண் சும்மா இருக்குமா? வாட்ஸ்அப் குழுவில் புதுப் புகார்கள் வர ஆரம்பித்தன. பல் தேய்க்கக் கூப்பிட்டால் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் மகள் நுனிக்காலில் எழும்பி இறங்குகிறாள். கேட்டால் இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். மிஸ் எல்லாவற்றையும் படித்தார். பிரின்சிபாலிடம் மட்டும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பிரின்சிபால் உற்சாகமாக மைதானத்துக்கு வந்தார். விளையாட்டு அவருக்கே பிடிக்க ஆரம்பித்திருந்தது. "எல்லாரும் ரெடியா? ஓடலாமா?" என்று கேட்டார்.

மொத்த வகுப்பும் கையைப் பின்னால் கட்டியது. நுனிக்காலில் எழும்பியது. குதிகாலில் இறங்கியது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றது.

ஓடத் தூக்கிய கால் அப்படியே நின்றது. அவ்வளவு ஆசையாகக் கேட்டதற்கு வந்த பதில் பிரின்சிபாலுக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரின்சிபால் வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வகுப்பும் உட்கார்ந்தது.

"நான் இப்படித்தான் சொல்லுவேனா மிஸ்?"

"ஒவ்வொரு வருஷமும் சார்."

"கேக்கறதுக்கு இப்படித்தான் இருக்குமா?"

மிஸ் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டியதை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பருவம் முடிவதற்குள் முட்டி சரியாகிவிட்டது. கடைசி நாளன்று மிஸ் கேட்கப் போகவில்லை. பிரின்சிபாலே கூப்பிட்டனுப்பினார். ஃபிட்னஸ் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். மேசைமேல் நிரந்தர ஆர்டர் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்திருந்தார். பின்னால் போகவிடாமல் பிடித்துவைத்திருந்தது போல இருந்தது.

"அடுத்த வருஷத்துல இருந்து நீங்க நிரந்தரம். சம்மதம்தானே?"

மிஸ் எத்தனை வருஷம் இந்த அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே போயிருக்கிறார். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அதனால் நாற்காலியை விட்டு எழுந்தார், இரண்டு முட்டியும் நேராக நிற்க. கையைப் பின்னால் கட்டினார். நுனிக்காலில் எழும்பினார், குதிகாலில் இறங்கினார்.

"பார்க்கலாம் சார், பார்க்கலாம்."

சொல்லிவிட்டு, பிரின்சிபாலின் மனசு மாறுவதற்குள் பேனாவை எடுத்தார்.